பூகோளத்துல சேந்துட்டியாமே!

ஏலே பேராண்டி, பூகோளத்துல சேந்துட்டியாமே! உங்கம்மா போன்ல சொல்லும்போது கொரல் எறங்கிப் போயிருந்துச்சு. யாருக்கோ மேலுக்கு முடியலையாக்கும்னு நான் பதறிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்கல, காமர்ஸும் கெடைக்கல, ஜியாகரபிதான் குடுத்தாக"ன்னா. உங்கப்பன் அதுக்கும் மேல. "இதைப் படிச்சு அவம் என்னத்தச் செய்வான், ஒலகப் படத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டு ஊர் ஊராப் போவானா"ன்னு கேட்டாராம். மாப்ள பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுத வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது. அதனால உங்கிட்டப் பேசுதேன்.

மொதக் காரியம் ஒண்ணு சொல்லி வைக்கேன். நீ லீவுக்கு ஊருக்கு வந்தா டீக்கடைப் பெஞ்சுல எவனாவது ஒருத்தன் உன்னய நிப்பாட்டி, "பூகோளமா படிக்கே? மங்கோலியாவுக்குத் தலைநகரம் என்ன, சொல்லு பாப்பம்"பான். கேக்காம விடமாட்டான். நீ மொறைக்காம "உலான்பாதர்"னு சொல்லிட்டு, திருப்பி அவங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. "அண்ணாச்சி, ஒங்க வீட்டு முத்தத்துல விழுற மழைத்தண்ணி கடைசில எங்க போய்ச் சேருது?" அவ்வளவுதான், டீ ஆறிப் போவும். தலைநகரம் அம்புட்டும் செல்போனுக்குள்ள கெடக்கு, சின்னப்புள்ள கூட தட்டி எடுத்துரும். தண்ணி எங்க போவுதுன்னு மட்டும் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியாமத்தான் கடன் வாங்கி வீடு கட்டிப் பாலும் காச்சுதான்.

2023 டிசம்பர் மறந்துபோச்சா? நம்ம தூத்துக்குடி ஜில்லாவுல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நம்ம பக்கம் ஒரு வருசத்துக்கே அம்புட்டுப் பெய்யாது. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நின்னு நூத்துக்கணக்கான சனம் உள்ளயே கெடந்துச்சு. கண்மாய் ஒண்ணு ஒடஞ்சா அதோட போவாதுலே. மேலக் கண்மாய் மறுகால் தண்ணி கீழக் கண்மாய்க்கு வரணும்னு நம்ம பாட்டன் பூட்டன் சங்கிலியாக் கோத்து வச்சிருக்கான். மேல ஒடஞ்சா கீழ உள்ளது தாங்காது. நடுவுல ஓடுற ஓடை எங்கன்னு தேடுனா அங்க ஒரு வளைவு, "அன்னை நகர்"னு போர்டு, முப்பதடி ரோடு. இன்னொருத்தன் "லேக் வியூ"ன்னு பேரு வச்சிருந்தான். பிளாட்டு போட்டவன்கள்லயே உண்மை பேசுனவன் அவன் ஒருத்தன்தான். டிசம்பர்ல கட்டில்ல உக்காந்தபடிக்கே லேக் தெரிஞ்சுச்சு.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்து, "இந்த ஓடை இந்த எடத்துல காணாமப் போச்சு, இந்தத் தெருவுக்கு இடுப்பளவு தண்ணி வரும்"னு மழைக்கு முந்தியே சொல்லுதவன் இருக்கான் பாரு, அவன் படிச்ச படிப்புதான் நீ படிக்கப் போறது. எங்க இருக்குன்னு கேக்கது பள்ளிக்கூடத்துப் பூகோளம். ஏன் அங்க இருக்கு, அங்க இருக்கதால யாருக்கு என்ன ஆவும்னு கேக்கது காலேஜ் பூகோளம். மொதக் கேள்விக்கு ஒரு மார்க்கு. ரெண்டாவது கேள்விக்குத்தான் சம்பளம்.

இந்தக் கெழவன் என்னத்தக் கண்டான்னு நெனைக்காத. நான் தலையாரியா இருந்தவன். 1979-லருந்து 87 வரைக்கும் யு.டி.ஆர்.னு அரசாங்கம் நெலக் கணக்கைப் புதுப்பிச்சப்ப, சர்வேயருக்குப் பின்னால சங்கிலி இழுத்த கை இது. நீ எப்.எம்.பி.ன்னு ஒரு தாளைப் பாத்திருக்க மாட்டே. புலப்படம். ஒரு சர்வே நம்பருக்கு ஒரு படம். புஞ்சைக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு போயிருக்கும், அதை ஜி லைன்பாக. அந்தக் கோட்டுலருந்து வரப்பு வளையுற மூலைக்கெல்லாம் சின்னச் சின்னதா ஆப்செட்டு எடுத்து, பக்கத்துல பொடி எழுத்துல அளவு குறிச்சிருக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆளுக்கொரு அருவாளோட வரப்புல நிப்பான். சர்வேயர் ஐயா வருவாரு, சட்டைப்பையில கண்ணாடி, கையில அந்தத் தாளு. நாலு தடவ சங்கிலியப் போடுவாரு. "இந்தா, இங்கன தோண்டு"ம்பாரு. உடமரத்து வேருக்கு அடியில ஒரு மொழம் தோண்டுனா சர்வே கல்லு தலை நீட்டும். அருவாளு ரெண்டும் கம்மங்கதிர் அறுக்கப் போயிரும். சில நாள் கல்லு அங்க இருக்காது, தம்பிக்காரன் வீட்டுல துணி தொவச்சுக்கிட்டிருக்கும். அது வேற கதை.

ஊர்ல எம்புட்டோ சண்டியரைப் பாத்திருக்கேன். அந்த ஒத்தைத் தாளுக்கு அடங்காத சண்டியரை நான் பாக்கல. அதைப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு டீயும் வடையும் தானா வந்துச்சு. இப்பச் சங்கிலி போய், சேட்டிலைட்டு வச்சு அளக்குற டி.ஜி.பி.எஸ். வந்திருச்சு, மேல ட்ரோன் பறக்கு. ஊர் நத்தத்தை ட்ரோன் விட்டு அளந்து வீட்டுக்காரனுக்குச் சொத்து அட்டை குடுக்கதுக்கு 2020-ல மத்திய சர்க்கார் ஒரு திட்டமே தொடங்குனாக. கருவிதான் மாறியிருக்கு. வரப்புச் சண்டை அப்படியேதான் இருக்கு, அதனால பொழப்புக்குப் பயமில்ல.

அதுக்காக நாளைக்கே சர்வேயர் ஆயிருவேன்னு குதிக்காத. அந்த வேலைக்கு ஐ.டி.ஐ. சர்வே, சிவில் டிப்ளமான்னுதான் பெரும்பாலும் கேக்காக. அறிவிப்பை முழுசாப் படி. நம்ம ஆளுக பாதிப் பேரு பாஸ் மார்க்கைப் படிப்பான், தகுதியைப் படிக்க மாட்டான்.

இஞ்சினியர் காலேஜ்ல எடம் கெடைக்கலன்னு உங்கப்பன் மூஞ்சியத் தொங்கப் போட்டாரே, அவருகிட்டப் பக்குவமா ஒரு சேதி சொல்லு. கிண்டி இஞ்சினியரிங் காலேஜு இருக்கே, அது 1794-ல சர்வே பள்ளிக்கூடமாத்தான் பொறந்துச்சு. நெலத்தை அளக்க ஆள் வேணும்னு கோட்டைக்குள்ள எட்டுப் பையன்களை வச்சு ஆரம்பிச்சதாச் சொல்லுவாக. இஞ்சினியர் எல்லாம் பொறவு வந்த சொந்தக்காரன். நீ மூத்த குடி. இதைச் சொல்லும்போது சிரிச்சிராத, மாப்ளைக்குக் கோவம் வரும்.

அந்தக் காலத்துல லாம்ப்டன்னு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, கத்திரி வெயிலு எட்டிப் பாக்குற நேரம், பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைலுக்கு ஒரு அடிக்கோட்டை அளக்க ஆரம்பிச்சான். அந்த ஒத்தைக் கோட்டுலருந்து முக்கோணம் முக்கோணமாப் போட்டு இந்தியா பூராவும் அளந்தாக. அவன் தூக்கிட்டு அலைஞ்ச தியோடலைட்டு அரை டன்னு. 1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்து மேல அதை ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி செவுத்துல மோதி நசுங்கிப் போச்சு. நாமளா இருந்தா "டெண்டர் விட்டு புதுசு வாங்கணும், பைலு மெட்ராஸ் போயிருக்கு"ன்னு ஒரு ஆட்சிக்காலத்தையே ஓட்டியிருப்போம். அவன் கூடாரத்துக்குள்ள வாரக்கணக்கா உக்காந்து, கோணுன வளையத்தை இழுத்து நிமித்தித் திரும்ப வேலைக்குக் கொண்டாந்துட்டான்.

அந்த அளவையைத் தொடர்ந்த ஆளு எவரெஸ்ட். அவரு 1843-லயே ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒலகத்துலயே ஒசந்த மலை இதுதான்னு கணக்குப் போட்டவரு ராதாநாத் சிக்தாருங்குற வங்காளத்துக்காரரு. மலைக்குப் பேரு மட்டும் எவரெஸ்ட்டு. வெயில்ல அளந்தவன் ஒருத்தன், கணக்குப் போட்டவன் ஒருத்தன், பேரு வாங்குனவன் வேறொருத்தன். இதை இப்பவே மனசுல போட்டு வச்சிக்கோ, எந்த ஆபீசுல சேந்தாலும் ஒதவும்.

சரி, படிச்சிட்டு எங்க போவேன்னு கேக்கே. பூகோளம் படிச்சு இங்கிலாந்துக்கு ராசாவே ஆவலாம். அங்க உள்ள பெரிய எளவரசரு வில்லியம், மொதல்ல கலை வரலாறுல சேந்து, பொறவு அதை விட்டுட்டுப் பூகோளத்துக்கு மாறித்தான் பட்டம் வாங்குனாரு. ஒரே ஒரு நிபந்தனை, அப்பா ராசாவா இருக்கணும். உங்கப்பன் மில்லு சூப்பர்வைசரு, அதனால அந்த வழி நமக்கு அடைபட்டுப் போச்சு. அங்கயே பிரதமரா இருந்த தெரசா மே அம்மா ஆக்ஸ்போர்டுல பூகோளம் படிச்சவுக. ஐரோப்பாவ விட்டுப் பிரியப் போறேன்னு கெளம்பி, கடைசில அயர்லாந்து எல்லைக்கோடு தொண்டையில சிக்கி, 2019-ல நாற்காலியே போச்சு. பூகோளம் படிச்சவுகளுக்கே எல்லைக்கோடு கண்ணைக் கட்டுது, படிக்காதவன் வரப்புல வெட்டிக்கிட்டுச் சாவுததுல என்ன அதிசயம்?

நம்ம ஊருக்கு ஒத்துவாரதைப் பேசுவோம். மொத வழி வாத்தியாரு. பி.எட். முடிச்சு, டெட் பரீச்சை எழுதி, டி.ஆர்.பி. அறிவிப்புக்குக் காத்திருக்கணும். அந்த அறிவிப்பு நம்ம வடகெழக்குப் பருவமழை மாதிரி, வந்தா கொட்டும், ஏமாத்துனா கண்மாயில புல்லு மொளைக்கும். அதுக்காகக் காத்துக்கிட்டே நரைச்சவன்களையும் பாத்திருக்கேன். வாத்தியாரு வேலைதானான்னு எளக்காரம் பண்ணாத. அன்னை தெரசா கல்கத்தாவுல பொம்பளப் புள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் குடுத்த டீச்சருதான். எம்.ஏ., எம்.எஸ்.சி. முடிச்சு நெட்டு, செட்டு எழுதுனா காலேஜு வாத்தியாரு. மெட்ராஸ் பிரசிடென்சி, குயின் மேரிஸ், கோயம்புத்தூர் அரசுக் கலைக் கல்லூரின்னு பழைய காலேஜுகள்ல இந்தப் பாடம் இருக்கு. மெட்ராஸ்ல 1926-லயே பூகோளத்துக்குன்னு சங்கம் வச்சுப் பத்திரிகை நடத்துன ஆளுக நாம.

ரெண்டாவது, பரீச்சை எழுதி ஆபீசரு ஆவுதது. ஐ.ஏ.எஸ். பரீச்சையில பூகோளத்தை விருப்பப் பாடமா எடுக்கலாம், பொது அறிவுத் தாள்லயும் பாதிப் பாடம் கை குடுக்கும். அதுக்காக "கலெக்டருக்குப் படிக்கேன்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. பொண்ணு குடுக்குற வரைக்கும் கேப்பாக, பொறவு சிரிப்பாக. வி.ஏ.ஓ. ஆனாலும் எனக்குச் சந்தோசம்தான். எனக்கு உத்தரவு போட்ட நாற்காலியில என் பேரன் உக்காந்தா அந்த நாற்காலியை நானே தொடச்சு வைப்பேன். ஆனா குரூப் 4-க்குப் பத்தாங்கிளாஸ் போதும்னு எழுதியிருப்பான், போய்ப் பாத்தா பக்கத்து பெஞ்சுல அம்புட்டுப் பேரும் பி.இ. அந்தக் கிண்டிப் பயகதான்.

மூணாவதுதான் இப்ப எல்லாரும் பேசுதது. ஜி.ஐ.எஸ்.! நம்ம மேலத்தெருப் பொண்ணு ஒண்ணு மெட்ராஸ்ல அந்த வேலை பாக்கா. என்னம்மா செய்யுதேன்னு கேட்டேன். "தாத்தா, மேலருந்து சேட்டிலைட்டு எடுத்த படத்துல ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு கட்டமா கோடு போட்டு எடுக்கணும்"னா. அட, கம்ப்யூட்டர்ல வரப்பு போடுற வேலை! காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கிளிக்கு, கிளிக்கு, கிளிக்கு. சம்பளமும் ஆரம்பத்துல ஒல்லியாத்தான் இருக்கும்னு அவளே சொல்லிட்டா. கோடு போடுததோட நின்னுட்டா கடைசி வரைக்கும் கோடுதான். அந்தக் கோட்டுக்கு மேல மண்ணு ஒரு அடுக்கு, மழை ஒரு அடுக்கு, ரோடு ஒரு அடுக்கு, ஆஸ்பத்திரி ஒரு அடுக்குன்னு போட்டு, "இந்த ஏழு ஊருக்குப் பிரசவத்துக்குப் போவணும்னா ரோடே இல்ல"ன்னு கண்டுபிடிச்சு எழுதுதா பாரு, அவதான் ரெண்டு வருசத்துல மேல போயிட்டா.

இது கம்ப்யூட்டர் வந்ததுக்குப் பொறவு வந்த வித்தைன்னு நெனைக்காத. 1854-ல லண்டன்ல காலரா வந்து சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. ஜான் ஸ்நோன்னு ஒரு வைத்தியரு, எந்தெந்த வீட்டுல எத்தன பேரு செத்தாகன்னு தெருப்படத்துல கருப்புக் கோடாக் குறிச்சாரு. கோடு அம்புட்டும் பிராட் தெருப் பம்பைச் சுத்தியே நின்னுச்சு. அந்தப் பம்புக் கைப்பிடியக் கழட்டச் சொன்னதும் அவருதான். கெட்ட காத்துலதான் காலரா வருதுன்னு மத்த டாக்டருக எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. தண்ணியிலதான் வருதுன்னு ஒரு படம் காட்டிக் குடுத்துச்சு.

கருவிக்குக் காசு இல்லன்னு சாக்குச் சொல்லாத. கியூ.ஜி.ஐ.எஸ்.னு ஒண்ணு இருக்காம், காசே கேக்காம எறக்கிக்கிடலாமாம். இஸ்ரோக்காரக புவன்னு படம் போட்டு வச்சிருக்காக. டேராடூன்ல ஐ.ஐ.ஆர்.எஸ்.னு அவுக பள்ளிக்கூடம், வீட்டுல இருந்தபடிக்கே படிக்குற மாதிரி சும்மாவே வகுப்பு நடத்துதாக. முந்தியெல்லாம் படம் போடுததுக்கே சர்க்காருகிட்ட ஆயிரத்தெட்டுக் கேள்வி. 2021-ல அந்தக் கட்டெல்லாம் பெரும்பாலும் அவுத்து விட்டுட்டாக, அடுத்த வருசமே கொள்கைன்னு ஒண்ணும் கொண்டாந்தாக. அதனால இந்த வேலைக்கு ஆள் தேடுத கம்பெனி கூடியிருக்கு. கூட ரெண்டு வரி புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டியானா, உனக்கு எடம் தராத அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்காரனே உங்கிட்ட வந்து, "மாப்ள, இந்தப் படம் ஏன் ஆர்க்டிக் கடல்ல போயி விழுது"ன்னு கேப்பான். அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாத்திப் போட்டிருப்பான்.

முன்னால உங்கப்பன் மில்லைச் சொன்னேன்ல, அதுல ஒண்ணு நெனப்பு வருது. கயத்தாறு வழியா பஸ்ஸுல வரும்போது காத்தாடியா நிக்குதே, பாத்திருப்பே. உங்கப்பன் மொதலாளி மாதிரி மில்லுக்காரக நட்டதுதான் அதுல நெறைய. அவுக கண்ணை மூடிக்கிட்டு நடல. தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்லருந்து வாரப்போ மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துல கொட்டிட்டு, வெறுங்கையோட நம்ம பக்கம் வரும். மலை ஒசரமா நிக்க எடத்துல தாண்ட முடியாம, கணவாயில நெருக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடியாரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரா முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்கு நேரா தென்காசி, கயத்தாறு. மழை குடுக்காமப் போன காத்தை நாம ஆயுசு பூராவும் வஞ்சோம். வரைபடத்தைப் பாத்தவன் அதைக் கரண்டாக்கி வித்துட்டான். மழை இல்லாத காய்ச்சலைத்தான் கோவில்பட்டிக்காரன் தீப்பெட்டியாக்குனான், சிவகாசிக்காரன் பட்டாசும் அச்சாபீசும் ஆக்குனான். நெலத்தோட கொணம் தெரிஞ்சவன் அதோட கொறையையும் வித்துருவான்.

இன்னும் இருக்கு. நகரத் திட்டம் போடுத படிப்புக்கு முதுகலைப் பூகோளக்காரரைச் சேத்துக்கிடுத எடம் உண்டு. கல்கத்தாவுல நாட்மோன்னு சர்க்கார் படம் போடுத ஆபீசு உண்டு. பேரிடர் ஆபீசு, புயல் ஆபீசு, இன்சூரன்சுன்னு நீளும். அதெல்லாம் உங்க வாத்தியாருகளே பவர்பாயிண்டுல போட்டுக் காட்டுவாக, நான் எதுக்கு வாய் வலிக்கணும்?

ஆனா காலேஜ்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்லே. மொத வாரம் கலர் பென்சில் டப்பா வாங்கச் சொல்லுவாக. டோப்போஷீட்டுன்னு சர்வே படம் ஒண்ணு குடுப்பாக, அதுல பழுப்புக் கோடு மேடு பள்ளம், நீலம் தண்ணி, பச்சை காடு, மஞ்சள் வெள்ளாமை. நீ ரெக்கார்டு நோட்டை சீனியருகிட்ட வாங்கி, கண்ணாடிக்கு அடியில லைட்டு போட்டு அப்படியே வரைஞ்சிருவே. அவன் தப்பா வரைஞ்ச ஆறும் உன் நோட்டுல தப்பாவே ஓடும். அம்பதாயிரத்துல ஒண்ணு அளவுத் தாள்ல ஒரு சென்டிமீட்டருன்னா அரை கிலோமீட்டரு. ஒரு பழுப்புக் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இருவது மீட்டரு ஒசரம். நம்ம கரிசக்காட்டுல ஒரு கோட்டுலருந்து அடுத்த கோட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு கெடை ஆட்டை மேச்சு முடிச்சிரலாம். அந்தத் தாளை எடுத்துக்கிட்டு ஒரு லீவுல இங்க வா. நம்ம கண்மாய் நீர்ப்பிடி படத்துல எம்புட்டு இருக்கு, இப்ப நெசத்துல எம்புட்டு இருக்குன்னு கரையச் சுத்தி நடந்து பாப்போம். மிச்சத்தை யாரு வச்சிருக்கான்னு நான் காதுல சொல்லுதேன், நோட்டுல எழுதிராத.

பொறவு களப்பணின்னு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிட்டுப் போவாக. நீங்க படகுல ஏறி போட்டோ எடுத்துட்டு, "நீலகிரி மலை மிகவும் குளிர்ச்சியாக இருந்தது"ன்னு பத்துப் பக்கத்துக்கு அறிக்கை எழுதுவீக. அது பாட்டுக்கு நடக்கட்டும். போற வழியில மேட்டுப்பாளையத்துக்கு மேல எந்த வளைவுல மண்ணு சரிஞ்சிருக்கு, அதுக்கு மேல என்ன கட்டடம் நிக்குன்னு மட்டும் ஒரு பார்வை பாத்து வை. பஸ்ஸுல சன்னல் சீட்டைப் பிடி. பாட்டு போட்டு ஆடுதவன் ஆடட்டும்.

அப்புறம் ஒரு சங்கதி, காசு சம்பந்தமா. இந்த ஒத்தை டிகிரியோட வந்து நின்னா வேலை கெடைக்கது கஷ்டம்தான். உங்கப்பன்கிட்ட இதைச் சொல்லாத. முதுகலையோ, பி.எட்.டோ, ஜி.ஐ.எஸ்.ஸோ, ஏதாவது ஒண்ணை ரெண்டாவது வருசத்துலயே முடிவு பண்ணி அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிக்கணும். மூணாவது வருசம் கடைசிப் பரீச்சை எழுதிட்டு வந்து, "தாத்தா, இனி என்ன செய்ய"ன்னு கேட்டியானா, நான் ஆட்டுக்குட்டி வாங்கித் தருவேன். சும்மா சொல்லல, குட்டி வெலை இப்ப நல்லா இருக்கு.

ரெண்டுல ஒண்ணை யோசிச்சுச் சொல்லு. வெயில்ல நடப்பேன், ஊர்க்காரன்கிட்டப் பேசுவேன், கம்ப்யூட்டர்லயும் உக்காருவேன்னா இந்தப் படிப்பு உன்னயக் கைவிடாது, தைரியமாப் படி. வெயிலும் ஆவாது, கணக்கும் ஆவாது, பாஸ் பண்ணுனாப் போதும்னா இப்பவே வாயைத் தொறந்து சொல்லிரு. எவனாவது காமர்ஸை விட்டு இஞ்சினியரிங்குக்கு ஓடியிருப்பான், இந்த வாரத்துக்குள்ள கேட்டா அந்த எடம் காலியா இருக்கும்.